புகார் இல்லை என்றால் நிகழ்வு இல்லையா? படைப் பயிற்சி அகாடமிகளில் பாலியல் துன்புறுத்தலை அளக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் பிள்ளைகளைப் படைக்கு அனுப்புவது புதிய வழக்கம் அன்று. பெண் பிள்ளைகளையும் அதிகாரிப் பயிற்சிக்கு அனுப்பலாமா என்ற பேச்சு பரவலாகியிருப்பதுதான் புதிது. சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமி 1992 முதல் பெண்களைச் சேர்த்து வருகிறது. புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியோ, 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவுக்குப் பிறகுதான் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. கேரளத்தின் எழிமலையில் உள்ள கடற்படை அகாடமி, குழித்துறையில் ரயிலேறி ஒரே வண்டியில் போய்ச் சேரக்கூடிய தொலைவில் இருக்கிறது.

இந்தப் பேச்சு எழும் இடங்களில் எல்லாம் இரண்டு வாதங்கள் தவறாமல் வருகின்றன. அமெரிக்க ராணுவ அகாடமிகளில் ஐந்தில் ஒரு மாணவிக்குப் பாலியல் தொல்லை நேர்ந்ததாகச் செய்தி வந்திருக்கிறதே, இந்தத் துறையே பெண்களுக்கு ஆகாது என்பது ஒன்று. நம் நாட்டு அகாடமிகளிலிருந்து அப்படிப் புகார்கள் வருவதே இல்லை, ஆகவே இங்கே அஞ்ச வேண்டியதில்லை என்பது மற்றொன்று. இரண்டும் எதிரெதிரான முடிவுகள்; ஆனால் இரண்டும் பிறந்தது ஒரே குழப்பத்தில். நடந்தவற்றின் எண்ணிக்கையும், நடந்ததாக அலுவலகத்துக்கு வந்து சொல்லப்பட்டவற்றின் எண்ணிக்கையும் ஒன்றே என்று இரு தரப்பினரும் எடுத்துக்கொள்கிறார்கள். இவ்விரு எண்களும் எப்படிக் கிடைக்கின்றன, எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரைக்கு வந்த மீனும் கடலில் உள்ள மீனும்

குளச்சலிலோ முட்டத்திலோ தேங்காய்ப்பட்டணத்திலோ விடியற்காலையில் ஏலக்கூடத்துக்குப் போனால், அன்று கரைக்கு வந்த சாளை எத்தனை கூடை, நெத்திலி எத்தனை கூடை என்று கணக்கெடுத்துவிடலாம். ஆனால், கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்பதற்கு அந்தக் கணக்கு விடை ஆகாது. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்நாட்களில் விசைப்படகுகள் கரைசேர்த்த மீன் பூச்சியம். அதைப் பார்த்துக் கடலில் மீனே இல்லை என்று எந்தக் கடற்கரை ஊரிலும் ஒருவரும் சொல்லமாட்டார்கள். படகு போகவில்லை என்றுதான் சொல்வார்கள். தடை நீங்கியதும் கூடைகள் நிறைகின்றன. அதற்காக ஒரே இரவில் மீன் பெருகிவிட்டது என்று யாரும் எண்ணுவதும் இல்லை.

மீன்வள ஆய்வாளர்களுக்கு இது அரிச்சுவடி. கரைசேர்ந்த அளவை அவர்கள் தனியாகப் பார்ப்பதில்லை. எத்தனை படகுகள், எத்தனை மணி நேரம், எந்த வலையுடன் போயின என்ற முயற்சியின் அளவோடு சேர்த்தே பார்க்கிறார்கள். நெத்திலி பிடிக்கும் வலையின் கண் சிறியது. கண் பெரிதான வலையில் அது தங்காது. ஆகவே, வலை மாறினால் கணக்கும் மாறும்.

மனிதத் துன்பத்தை மீனோடு ஒப்பிடுவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். எண்ணும் முறையை விளக்குவதற்கு மட்டுமே இதை எடுத்துக்கொள்கிறேன். அகாடமியின் அலுவலகத்துக்கு வரும் புகார்கள் கரைசேர்ந்த மீனைப் போன்றவை. புகார் கொடுக்க வழி இருக்கிறதா, கொடுத்தால் பெயர் வெளியே வராது என்ற நம்பிக்கை இருக்கிறதா, கொடுத்தவருக்குப் பயிற்சியில் கேடு வராதா என்பவையே படகும் பருவமும். நிகழ்வுகள் கடலில் இருக்கின்றன.

இரண்டு எண்கள், இரண்டு பெயர்கள்

இங்கே இரண்டு சொற்களை வரையறுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட காலத்துக்குள், குறிப்பிட்ட ஒரு கூட்டத்தில், நூற்றுக்கு எத்தனை பேருக்கு ஒரு அனுபவம் நேர்ந்தது என்பது பரவல் வீதம். அப்படி நேர்ந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் அதிகாரபூர்வமாகச் சொன்னார்கள் என்பது முறையீட்டு வீதம். முதலாவது பெயர் கேட்காத கணக்கெடுப்பிலிருந்து கிடைக்கிறது. இரண்டாவதற்குக் கணக்கெடுப்பும் வேண்டும், புகார்ப் பதிவேடும் வேண்டும். ஒன்றை மற்றதோடு பொருத்திப் பார்த்தால்தான் அது தெரியவரும்.

அமெரிக்காவின் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வெஸ்ட் பாயின்டில் தரைப்படைக்கும், அனாபொலிஸில் கடற்படைக்கும், கொலராடோ ஸ்பிரிங்ஸில் விமானப்படைக்குமாக அங்கே மூன்று பெரிய அகாடமிகள் உள்ளன. மூன்றும் 1976-இல்தான் பெண்களைச் சேர்க்கத் தொடங்கின. 2003-இல் விமானப்படை அகாடமியில் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகள் வெடித்து, புகார் சொன்னவர்களே தண்டிக்கப்பட்டதாக முன்னாள் மாணவிகள் கூறியபோது, தனி விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக வந்த சட்டம், இந்த அகாடமிகளின் நிலையை ஆண்டுதோறும் மதிப்பிட்டு நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தரவேண்டும் என்று ஆக்கியது. ஓராண்டு கேள்வித்தாள் வழியாகக் கணக்கெடுப்பு, மறு ஆண்டு மாணவர்களைச் சிறு குழுக்களாக அமர்த்திப் பேசும் உரையாடல் என்று மாறி மாறி நடக்கிறது.

2022 கணக்கெடுப்பில், அந்தக் கல்வியாண்டில் விருப்பத்துக்கு மாறான பாலியல் தொடுகை நேர்ந்ததாகப் பெண்களில் 21.4 சதவீதத்தினரும் ஆண்களில் 4.4 சதவீதத்தினரும் தெரிவித்தனர். மூன்று அகாடமிகளையும் சேர்த்து 1,136 பேர் என்று அது மதிப்பிடப்பட்டது. அவர்களில் அதிகாரபூர்வமாக முறையிட்டவர்கள் சுமார் 14 சதவீதம். ஏழில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது, அந்நாட்டில் புகார்ப் பதிவேட்டை மட்டும் பார்த்திருந்தால் ஏழில் ஆறு பங்கு கண்ணுக்கே தெரிந்திராது.

இதே போன்ற இடைவெளி நமக்கும் அந்நியமானது அன்று. 2019-21 காலத்தில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்த இந்தியப் பெண்களில் உதவி நாடியவர்கள் 14 சதவீதமே. 77 சதவீதத்தினர் உதவி நாடவும் இல்லை, ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. இரு இடங்களிலும் 14 என்ற எண் வந்திருப்பது தற்செயல். கேள்வியும் கூட்டமும் காலமும் வேறானவை. அதை வைத்து ஒப்பிடக் கூடாது.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: புகார் எண்ணிக்கை ஒரு நிறுவனத்தின் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அளக்கிறது, பரவல் வீதம் அந்தக் கதவுக்கு உள்ளே நடப்பதை அளக்கிறது.

எதை எண்ணுகிறோம்?

எண்ணத் தொடங்கும் முன் எண்ணப்படும் பொருள் எது என்று தீர்மானிக்க வேண்டும். பாலியல் துன்புறுத்தல் என்ற ஒரே சொல்லுக்குள் பல அடுக்குகள் கிடக்கின்றன. பெண் என்பதாலேயே ஒருவரைத் தாழ்த்திப் பேசுவதும், அருவருப்பான வேடிக்கைப் பேச்சும் ஓர் அடுக்கு. மறுத்த பிறகும் விடாமல் தொடரும் நெருக்கம் அடுத்த அடுக்கு. இணங்கினால் நல்ல மதிப்பெண், இணங்காவிட்டால் கெட்ட குறிப்பு என்று பதவியைக் காட்டி மிரட்டுவது இன்னொன்று. உளவியலாளர் லூயிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டும் அவருடைய குழுவினரும் 1980-களின் இறுதியிலிருந்து வளர்த்தெடுத்த கேள்வித்தொகுப்பு ஏறத்தாழ இந்த மூன்று வகைகளாகவே பிரிக்கிறது. அதன் ஒரு வடிவம் அமெரிக்கப் படைகளிலும் பயன்பட்டது. உடல்மீது நேரும் தாக்குதல், தொடுகை, அதற்கான முயற்சி ஆகியவை பாலியல் வன்முறை என்ற வேறு தலைப்பில் எண்ணப்படுகின்றன.

இந்த அடுக்குகளைக் கலந்துவிட்டால் எண் பெருத்துவிடும். ஒன்றை விட்டுவிட்டால் சிறுத்துவிடும். கனடாவின் புள்ளியியல் துறை அந்நாட்டு ராணுவக் கல்லூரிகளில் 2019-இல் எடுத்த கணக்கெடுப்பில், மாணவர்களில் 68 சதவீதத்தினர் விரும்பத்தகாத பாலியல் நடத்தையைக் கண்டோ அனுபவித்தோ இருந்தனர். இந்த 68-ஐ எடுத்துக்கொண்டு மூன்றில் இரண்டு பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று எழுதினால் அது பிழை. கண்டவரும் அனுபவித்தவரும் அதில் சேர்ந்தே இருக்கிறார்கள். வகுப்பறையில் ஒருவர் சொன்ன ஆபாசமான வார்த்தையை அருகில் நின்று கேட்டவரும் அதில் அடக்கம். அதே வேளையில், அந்த எண்ணை வெற்று எண் என்று தள்ளிவிடவும் முடியாது. அங்கே நிலவும் சூழல் எத்தகையது என்பதை அது சொல்கிறது. தனிமனிதருக்கு நேர்ந்தது என்ன என்பதை வேறொரு எண் சொல்ல வேண்டும்.

கேள்வியின் சொற்களில்தான் பாதி விடை இருக்கிறது

அளவீட்டில் அதிகம் தவறு நேரும் இடமும் பொதுமக்கள் அதிகம் கவனிக்காத இடமும் இதுவே. ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

உங்களுக்குப் பாலியல் துன்புறுத்தல் நேர்ந்ததா என்று ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் இல்லை என்பார்கள். நடந்ததை மறைப்பதற்காக மட்டுமே அப்படிச் சொல்வதில்லை. நடந்ததற்கு அந்தப் பெயரை அவர்களே வைத்திருப்பதில்லை என்பதும் காரணம். 'சீனியர் கொஞ்சம் எல்லை மீறினார்', 'அவர் எல்லாரிடமும் அப்படித்தான்' என்ற அளவில் அது மனத்தில் தங்கியிருக்கும். உளவியலாளர் மேரி காஸ் 1980-களில் அமெரிக்காவின் 32 உயர்கல்வி நிறுவனங்களைச் சேர்ந்த 6,159 மாணவ மாணவியரிடம் நடத்திய ஆய்வு இதைத் தெளிவாக்கியது. சட்டப்படி பாலியல் வன்கொடுமை என்ற வரையறைக்குள் வரும் அனுபவத்தைச் சொன்ன பெண்களில் பெரும்பான்மையோர், அதை அந்தப் பெயரால் குறிப்பிடவில்லை.

ஆகவே, நல்ல கேள்வித்தாள் பெயரைக் கேட்காது, செயலைக் கேட்கும். இதற்குச் செயல்விவரக் கேள்வி என்று பெயர் வைத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டுக்கு நானே எழுதிப் பார்க்கும் ஒரு வரிசை இது. 'சென்ற ஜூன் மாதத்திலிருந்து இன்றுவரை, உங்களுடன் பயிற்சி பெறும் ஒருவரோ பயிற்றுநரோ உங்கள் உடலைப் பற்றி உங்களுக்குக் கூச்சமோ கோபமோ உண்டாகும்படி பேசினாரா?' ஆம் எனில், 'அது வேண்டாம் என்று நீங்களோ வேறு எவருமோ சொன்ன பிறகும் தொடர்ந்ததா?' இல்லை எனில், 'ஒருமுறை மட்டும் நடந்திருந்தாலும், உங்கள் நிலையில் இருக்கும் பெரும்பாலோர் புண்படும் அளவுக்கு அது கடுமையானதா?' இப்படி ஒவ்வொரு படியாக இறங்கும்போது, விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல் எங்கே நின்றுவிடுகிறது, சட்டத்தின் வரையறைக்குள் வரும் செயல் எங்கே பிரிகிறது என்பது கேள்வித்தாளிலேயே தெரிந்துவிடும். பதிலளிப்பவர் நீதிபதியாக வேண்டிய தேவை இல்லை. நடந்ததைச் சொன்னால் போதும். வரையறைக்குள் வைப்பது கணக்கெடுப்பவரின் வேலை.

மேற்கண்ட கேள்வியில் 'சென்ற ஜூன் மாதத்திலிருந்து' என்ற தொடரையும் கவனிக்க வேண்டும். இது குறிப்புக்காலம் எனப்படும். வாழ்நாள் முழுவதும் என்று கேட்டால் ஒரு எண். ஓராண்டு என்று கேட்டால் வேறொரு எண். ஒரு நிறுவனத்தின் வாழ்நாள் எண்ணை மற்றொரு நிறுவனத்தின் ஓராண்டு எண்ணோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும் பதிவுகள் கைப்பேசியில் நிறையவே வலம் வருகின்றன.

கேள்வி மாறினால் எண் எவ்வளவு நகரும் என்பதையே அளந்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்கப் படைகளுக்காக ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2014-இல் ஏறத்தாழ 5,60,000 படையினரை அழைத்து, 1,70,000-க்கும் மேற்பட்டோரின் பதிலைப் பெற்றது. அழைக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்குப் பழைய கேள்வித்தாளும் மற்றவர்களுக்குப் புதியதும் குலுக்கல் முறையில் போயின. எவருக்கு எது என்பதைக் குலுக்கல் தீர்மானித்ததால், இரு கூட்டத்துக்கும் இடையே வந்த வேறுபாடு ஆட்களால் வந்ததன்று, கேள்வியால் வந்தது என்று சொல்ல முடிந்தது. அளவுகோலை மாற்றும்போது பழையதையும் புதியதையும் ஒரே முறை பக்கத்தில் வைத்து அளந்துகொள்ளும் இந்தப் பொறுப்பு எனக்கு மிகவும் உவப்பானது. பெரும்பாலான நிறுவனங்கள் அளவுகோலை மாற்றிவிட்டு மூச்சுவிடுவதில்லை.

இந்தப் பொறுப்பு எப்போதும் காக்கப்படவில்லை என்பதற்கும் அங்கேயே சான்று இருக்கிறது. அமெரிக்கப் படைகள் முழுவதற்குமான கணக்கெடுப்பில், பாலியல் வன்முறையின் ஓராண்டுப் பரவல் வீதமாக 2018-இல் பெண்களுக்கு 6.2 சதவீதமும், 2021-இல் 8.4 சதவீதமும் பதிவாயின. பல செய்திகள் இதை நேரான உயர்வாகவே எழுதின. ஆனால் இடையில் கேள்வித்தொகுப்பு மாறியிருந்தது. இரண்டையும் முறையாக ஒப்பிட முடியாது என்று கணக்கெடுத்தவர்களே எச்சரித்திருந்தார்கள். வலைக்கண் மாறிய பிறகு கூடையை மட்டும் எண்ணிய கதைதான் அது.

சுருக்கமாக: பெயரைக் கேட்காமல் செயலைக் கேட்க வேண்டும், காலத்தை வரையறுக்க வேண்டும், கேள்வி மாறிய ஆண்டுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே கோட்டில் வைக்கக் கூடாது.

பதில் சொன்னவர் யார், சொல்லாதவர் யார்?

கேள்வித்தாள் பெற்றவர்களில் எத்தனை சதவீதத்தினர் பதிலளித்தனர் என்பது மறுமொழி வீதம். அது குறையும்போது, பதிலளிக்காதவர்கள் வேறு மாதிரியான அனுபவம் உடையவர்களாக இருக்கக்கூடுமே என்ற ஐயம் எழும். நேர்ந்ததை மறக்க விரும்பி ஒதுங்கியவர்களும் அதில் இருக்கலாம். எனக்கு ஒன்றும் நேரவில்லை, இதில் எழுத என்ன இருக்கிறது என்று விட்டவர்களும் இருக்கலாம். ஆகவே எண் எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது. பால், ஆண்டு, படைப்பிரிவு ஆகியவற்றில் பதிலளித்தவர்களின் விகிதத்தை மொத்தக் கூட்டத்தின் விகிதத்தோடு பொருத்திச் சரிசெய்வது வழக்கம்.

சிறிய கூட்டத்தில் சிக்கல் வேறு. தேசியப் பாதுகாப்பு அகாடமியில் 2022-இல் சேர்ந்த முதல் பெண்கள் அணிக்கு ஒதுக்கப்பட்டிருந்த இடங்கள் 19. கணக்கைப் புரிந்துகொள்வதற்காக மட்டும் எடுத்துக்கொண்டால், 19 பேரில் ஒருவர் என்பதே 5 சதவீதத்துக்கு மேல். இருவர் என்றால் 10-ஐத் தாண்டிவிடும். ஒரே ஒருவரின் பதில் மாறினால் வீதம் இரட்டிப்பாகும் இடத்தில் சதவீதம் பேசுவதில் பொருள் இல்லை. அதைவிட முக்கியமானது மறைவுத்தன்மை. பெயர் கேட்காவிட்டாலும் பால், ஆண்டு, ஸ்குவாட்ரன் எனப்படும் பயிற்சிப் பிரிவு, சொந்த மாநிலம் என்ற நான்கு விவரங்கள் போதும், 19 பேரில் ஒருவரைச் சுட்டிக்காட்டிவிடலாம். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரே பெண் அவர் என்றால் விரல் நேரே அவர்மீது விழும். அதனால்தான் பொறுப்புள்ள கணக்கெடுப்புகள் மிகச் சிறிய பிரிவுகளின் எண்களை அச்சிடாமல் விட்டுவிடுகின்றன. வெளியிடாத எண்ணைப் பார்த்து எதையோ மறைக்கிறார்கள் என்று உடனே குற்றம் சாட்டுவது சில வேளைகளில் அநியாயம்.

பயிற்சி அகாடமி ஏன் மற்ற இடங்களைப் போன்றதன்று?

ஒரு கல்லூரி மாணவி தொல்லை நேர்ந்தால் மாலையில் பேருந்தேறி வீட்டுக்கு வந்துவிடலாம். பயிற்சிக் கேடட்டுக்கு அந்த வழி இல்லை. உறங்குவதும் உண்பதும் ஓடுவதும் ஒரே வளாகத்தில். புகாருக்கு உரியவர் அடுத்த அறையில் இருக்கக்கூடும், அணிவகுப்பில் அடுத்த வரிசையில் நிற்கக்கூடும். சீனியர் சொல்வதை மறுபேச்சில்லாமல் கேட்பதே பயிற்சியின் ஒரு பகுதி. தகுதிநிலைப் பட்டியலில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதில் அவருடைய மேலாளர்களின் மதிப்பீடும் சேர்கிறது. 'காட்டிக்கொடுத்தவர்' என்ற பெயரோ, பயிற்சி முடிந்து படைப்பிரிவுக்குப் போன பின்னும் கூடவே போகும்.

இன்னொரு தடையும் உண்டு. வெளியில் இருப்பவர்களுக்கு அது எளிதில் தோன்றாது. சம்பவம் நடந்த இரவில் பாதிக்கப்பட்டவரே ஒரு சிறு விதியை மீறியிருக்கலாம்: அனுமதியின்றி அறையை விட்டு வெளியே வந்திருக்கலாம், தடைசெய்யப்பட்ட நேரத்தில் மது அருந்தியிருக்கலாம். புகார் கொடுத்தால் முதலில் தனக்கே தண்டனை வரும் என்று அவர் அஞ்சுகிறார். அமெரிக்காவில் இதற்காகவே, பாலியல் வன்முறையை முறையிடுபவரின் சிறு விதிமீறலுக்குத் தண்டனை கூடாது என்ற கொள்கை பின்னர் கொண்டுவரப்பட்டது. 2005-இல் அங்கே வரையறுக்கப்பட்ட முறையீடு என்ற இரண்டாவது வழியும் திறக்கப்பட்டது. இவ்வழியில் வருபவர் மருத்துவ உதவியும் ஆலோசனையும் பெறலாம். மேலதிகாரிக்குப் பெயர் போகாது, விசாரணையும் தொடங்காது. பிறகு மனம் மாறினால் அதை முழு முறையீடாக மாற்றிக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட வழிகளைத் திறக்கும் நிறுவனத்தில் புகார் எண்ணிக்கை ஏறும் என்பதையே எதிர்பார்க்க வேண்டும். அந்த ஏற்றத்துக்காக அந்நிறுவனத்தின் தலைவரைத் திட்டினால், அடுத்து வருபவர் வழியை அடைப்பதில்தான் குறியாக இருப்பார்.

ஆண்களின் நிலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2022-இல் 4.4 சதவீதம் என்பது சிறியதாகத் தெரிந்தாலும், அந்த அகாடமிகளில் ஆண்களே பெரும்பான்மையர் என்பதால் அது நூற்றுக்கணக்கானவர்களைக் குறிக்கிறது. ஜூனியர்களை 'ஆணாக்குவது' என்ற பெயரில் நடக்கும் ராகிங்கில் பாலியல் அவமதிப்பு கலந்திருக்கும்போது, அதை அப்பெயரால் சொல்லும் பையன் அரிது. செயல்விவரக் கேள்வி இல்லாமல் இவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

மூன்று ஆண்டுகளின் எண்களைப் படித்துப் பார்ப்போம்

அமெரிக்க அகாடமிகளில் பெண்களின் பரவல் வீதம் 2018-இல் 15.8, 2020-இல் பெருந்தொற்றால் கணக்கெடுப்பு நடைபெறவில்லை, 2022-இல் 21.4, 2024-இல் 13.3. ஆண்களுக்கு முறையே 2.4, 4.4, 3.6. இந்த வரிசையை ஒப்பிட முடிவதற்குக் காரணம், விருப்பத்துக்கு மாறான பாலியல் தொடுகை என்ற ஒரே அளவுகோல் மூன்று ஆண்டுகளிலும் பயன்பட்டிருப்பது.

ஒப்பிடலாம் என்பதால் காரணமும் தெரிந்துவிட்டது என்று பொருள் ஆகாது. 2022-இல் கணக்குக்கு வந்த மாணவர்களில் பலர் பெருந்தொற்றின் முடக்கத்துக்கு நடுவே கல்லூரி வாழ்வைத் தொடங்கியவர்கள். 2024-க்குள் தடுப்புப் பயிற்சிகளும் மாறின, மாணவர் கூட்டமும் மாறியது. எது எவ்வளவு காரணம் என்று வீதம் மட்டும் பிரித்துச் சொல்லாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை உள்ள புள்ளிகளை வைத்து வெற்றியென்றும் தோல்வியென்றும் முழங்குவதைவிட, நான்கைந்து புள்ளிகள் சேரும்வரை பொறுப்பதே நல்லது என்பது என் கருத்து. எழுத்தாக வரும் எண் கணக்கெடுப்பிலிருந்து பெற்ற மதிப்பீடு என்பதையும் மறக்கலாகாது: 1,136 என்பதற்குப் பின்னால் பெயர்ப்பட்டியல் எதுவும் கிடையாது, அதைச் சுற்றிக் கூடவும் குறையவும் ஓர் எல்லை உண்டு.

அங்கே 21.4, இங்கே செய்தியே இல்லை. ஆகவே இங்கே பாதுகாப்பு என்ற வாதத்துக்கு இப்போது திரும்பலாம். அங்கே இருப்பது ஆய்வுக் கப்பலை அனுப்பி எடுத்த மாதிரி. இங்கே இருப்பது ஏலக்கூடத்தின் குறிப்பேடு. இரண்டையும் பக்கத்தில் வைத்து எந்தக் கடலில் மீன் அதிகம் என்று கேட்பது கேள்வியே ஆகாது. அதே காரணத்தால், அமெரிக்க எண்ணை எடுத்து இந்திய அகாடமிகளின் தலையில் கட்டுவதும் தகாது.

நம் நாட்டில் எண் எங்கே பிறக்கிறது?

உச்ச நீதிமன்றத்தின் 1997-ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பும் அதன் வழியே வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் பணியிடங்களில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைக் கையாள்கின்றன. பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த இடங்களுக்காக மாவட்டந்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தரவேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை முடிக்கப்பட்டன என்பதை நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, சட்டம் கேட்பது கரைசேர்ந்த கணக்கை மட்டுமே. பெயரில்லாக் கணக்கெடுப்பு நடத்து, பரவல் வீதத்தை வெளியிடு என்று அது கட்டாயப்படுத்தவில்லை. அது பெண்களுக்கான சட்டம் என்பதால் ஆண் கேடட்டுகள் அதன் கணக்குக்கே வரமாட்டார்கள். தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பதினாறரை வயதிலேயே சேர முடியும் என்பது மற்றொரு சிக்கல். பதினெட்டு நிறையாதவர்களுக்கு, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-இன் போக்சோ சட்டம் பொருந்தும். அது ஆண், பெண் இருபாலருக்கும் உரியது. குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது அச்சட்டப்படி கடமை. ஆகவே, இவ்வயதினரிடம் கணக்கெடுப்பு நடத்துபவர், பதிலளித்தவர் யார் என்பதைத் தாமே அறிய முடியாதபடி கேள்வித்தாளை அமைக்க வேண்டும். உதவி வேண்டுபவர் தாமாக முன்வருவதற்குத் தனி எண்ணும் தனி ஆளும் அருகிலேயே இருக்க வேண்டும். பெண்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்ட சைனிக் பள்ளிகளுக்கும், திருப்பூர் மாவட்டம் அமராவதிநகரில் உள்ளது உட்பட, இது அப்படியே பொருந்தும்.

பிள்ளையை அனுப்ப எண்ணும் பெற்றோர் ஓர் அகாடமியிடம் எத்தனை புகார் என்று மட்டும் கேட்டால், பூச்சியம் என்ற பதிலில் மகிழ்ந்து திரும்பிவிட நேரும். புகார்க் குழுவில் வெளி உறுப்பினர் இருக்கிறாரா, அவரை ஒரு கேடட் நேரடியாக, மேலதிகாரியின் அனுமதி இல்லாமல் அணுக முடியுமா, கடந்த ஐந்து ஆண்டுகளில் வந்த புகார்கள் எத்தனை, ஒவ்வொன்றும் முடிய எத்தனை நாள் ஆயிற்று, பெயரில்லாக் கணக்கெடுப்பு எப்போதாவது நடந்ததா, நடந்திருந்தால் மறுமொழி வீதம் என்ன, கேள்வித்தாளின் நகல் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். இவற்றில் தனி மனிதர் எவருடைய பெயரும் இல்லை என்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். உளவுத் துறைகளுக்கும் சில துணை ராணுவப் படைகளுக்கும் அச்சட்டம் தந்திருக்கும் விலக்கு முப்படைகளுக்குக் கிடையாது. விண்ணப்பம் அந்தந்த அகாடமிக்கு உரிய பொதுத் தகவல் அலுவலருக்குப் போக வேண்டும். கட்டணம் பத்து ரூபாய், அதற்குப் போஸ்டல் ஆர்டர் இணைத்தால் போதும்.